தோட்டாப் பெட்டி – வாசகர் கேள்வி பதில்: இந்த மாசம் முழுக்க சாலிட்

போன இதழ்ல ஒருத்தர் ஆப்பிரிக்க எருமை வேட்டைக்கு எந்த குண்டுன்னு கேட்டிருந்தார், நான் "முதல்ல சாஃப்ட், அப்புறம் எல்லாம் சாலிட்"னு ஒத்தை வரியில முடிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். தப்பு பண்ணிட்டேன். வந்த கடிதம், மெயில் எல்லாத்துலயும் அதே கேள்விதான், சாலிட்னா என்ன, எது நல்லது, என் ரைஃபிளுக்கு ஒத்துவருமா. அதனால இந்த மாசம் வேற எதையும் தொடல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் துப்பாக்கிப் பட்டறையில பல வருஷம் நின்னு கத்துக்கிட்டது, மிச்சம் வேட்டைக்குப் போனவங்க பின்னாடி மூட்டை தூக்கிட்டு நடந்தப்ப பார்த்தது, அதுக்கு மேல பெரிய வேட்டைக்காரன்னு என்னை நினைச்சுக்க வேண்டாம்.

கே: சார், குண்டுன்னா எல்லாமே கெட்டியாத்தானே இருக்கும், அதுல தனியா என்ன சாலிட்? மிலிட்டரி ரைஃபிளுக்கு வர்ற செம்பு போர்த்தின குண்டும் இதுவும் ஒண்ணுதானே, விலை மட்டும் ஏன் இத்தனை மடங்கு?

ப: ஒண்ணு இல்ல. காசு மிச்சம்னு நினைச்சு நிறைய பேர் சறுக்கறது இங்கதான். சாதாரண வேட்டைக் குண்டு, அதாவது சாஃப்ட், மூக்குல ஈயம் தெரியும், இல்லன்னா மூக்குல ஒரு ஓட்டை இருக்கும், உடம்புல பட்டதும் குடை மாதிரி விரிஞ்சு அகலமா காயம் பண்ணிட்டு உள்ளயே நின்னுடும். மானுக்கு அது போதும். ஆனா அஞ்சாறு டன் எடையுள்ள ஆண் யானையோட மண்டை ஓடுக்கு அது போதாது. அந்த எலும்பு வெளிய பார்க்க ஒரு சுவர், உள்ள தேன்கூடு மாதிரி அறை அறையா காத்து, அதையெல்லாம் தாண்டி ரொம்ப உள்ள மூளை. விரியற குண்டு பாதி வழியில மூச்சு முட்டி நின்னுடும். அங்க விரியாம வளையாம உடையாம, சுட்ட திசையிலயே கடைசி வரைக்கும் போற குண்டு வேணும். அதுக்குப் பேர்தான் சாலிட்.

சாலிட்ல ரெண்டு ஜாதி இருக்கு. பழைய ஜாதி, உள்ள கெட்டிப்படுத்தின ஈயம், மேல தடிமனான ஸ்டீல் உறை, அந்த ஸ்டீல் துப்பாக்கிக் குழலை, அதாவது பேரலைத் தின்னாம இருக்க மேல மெல்லிசா செம்புப் பூச்சு. வுட்லீ ஃபுல் ஜாக்கெட், ஹார்னடி டிஜிஎஸ் இதெல்லாம் அந்த வகை. இன்னொண்ணு உள்ளயும் வெளியயும் ஒரே உலோகம், பித்தளை இல்ல செம்புக் கம்பியை லேத்துல மாட்டி கடைஞ்சு எடுத்தது, பார்ன்ஸ் பேண்டட் சாலிட், தென்னாப்பிரிக்காவோட ஜிஎஸ் கஸ்டம் மாதிரி. மிலிட்டரி குண்டு பார்க்க முதல் ஜாதியோட தம்பி மாதிரி இருக்கும், ஆனா உறை மெல்லிசு, மூக்கு கூர்மை, எடை எல்லாம் பின்பக்கம். தசைக்குள்ள போன கொஞ்ச தூரத்துலயே பின்பக்கம் முன்னாடி வர்ற மாதிரி குட்டிக்கரணம் போட்டு எங்கயோ திரும்பிடும். யானை முன்னாடி அதை நம்பி நிக்கறது, காகிதக் கத்தியை எடுத்துட்டு சண்டைக்குப் போற கதைதான்.

கே: அண்ணே, பழைய ஆளுங்க எல்லாரும் உருண்டை மூக்கு குண்டுலதான் யானை சுட்டாங்க. இப்ப எல்லாரும் மூக்கை வெட்டின மாதிரி இருக்கற ஃப்ளாட் நோஸ் வாங்குன்றாங்க. உண்மையிலயே வித்தியாசம் இருக்கா, இல்ல வியாபாரமா?

ப: தம்பி, நானும் ரொம்ப நாள் இது வியாபாரம்னுதான் நினைச்சேன், பார்க்கற வரைக்கும். நான் வேலை பார்த்த பட்டறைக்குப் பின்னாடி ஒரு நீள மரப்பெட்டி இருந்துச்சு, அதுக்குள்ள தண்ணியில ஊறப்போட்ட பழைய நியூஸ்பேப்பரைக் கட்டு கட்டா அடுக்கி வெச்சிருப்போம், ஒவ்வொரு கட்டையும் நம்பர் போட்டு. ஒரு நாள் .458ல, அதாவது .458 இஞ்ச் விட்டத்துல, 500 கிரெயின் எடையில (கிரெயின்ன்றது குண்டு எடைக்கான சின்ன அலகு, 500னா சுமார் 32 கிராம்) ரெண்டு சாலிட், ஒண்ணு உருண்டை மூக்கு, ஒண்ணு தட்டை மூக்கு, ஒரே ரைஃபிள், ஒரே வெடிமருந்து, ஒரே தூரம். உருண்டை மூக்கு முதல் ரெண்டடி நல்லாத்தான் போச்சு, அப்புறம் ஓட்டை மெதுவா இடது பக்கம் சாய ஆரம்பிச்சு, ஒவ்வொரு கட்டா எடுத்துப் பார்க்கும்போது ஓட்டை வட்டமா இருந்தது நீள்வட்டமாகி, கடைசியில சாவித் துவாரம் மாதிரி ஆகி, பெட்டியோட பக்கப் பலகையைப் பொத்துக்கிட்டு வெளிய போயிருந்துச்சு. தட்டை மூக்கு? கட்டுக்கு கட்டு நடு சென்டர்ல ஒரே வட்ட ஓட்டை, பெட்டியோட பின்பலகையைத் தாண்டி மண்மேட்டுக்குள்ள. அன்னைக்கு வாயை மூடினவன்தான்.

காரணம் என்னன்னா, குண்டு காத்துல நேரா போறது பேரல் கொடுத்த சுழற்சியால. ஆனா தண்ணி காத்தை விட சுமார் 800 மடங்கு அடர்த்தி, உடம்பும் கிட்டத்தட்ட தண்ணிதான். அந்த அடர்த்திக்கு முன்னாடி சுழற்சி மட்டும் போதாது, வடிவம்தான் குண்டைக் காப்பாத்தணும். உருண்டை மூக்குல சதையும் ரத்தமும் மூக்கு முழுக்க ஒட்டிக்கிட்டு வழியும், ஒரு பக்கம் எலும்பு கொஞ்சம் கூட அழுத்துனா மூக்கு அந்தப் பக்கமா திரும்பும், திரும்பினா அழுத்தம் இன்னும் கூடும், அவ்வளவுதான் கதை. தட்டை மூக்குல என்ன நடக்குதுன்னா, அந்தத் தட்டையோட விளிம்பு எதிர்ல வர்றதை எல்லாம் வெளிப்பக்கமா விசிறி அடிச்சுடுது, குண்டைச் சுத்தி ஒரு வெறுமையான குமிழ் உருவாகுது, குண்டோட உடம்பு எதையும் தொடாம அந்தக் குமிழுக்குள்ளயே போகுது. கொஞ்சம் ஆடினா தோள்பட்டை குமிழோட சுவர்ல இடிச்சு மறுபடி நடுவுக்கு வருது. ரஷ்யாக்காரன் கடலுக்கடியில விடற ஷ்க்வால்னு ஒரு அதிவேக டார்ப்பிடோ இருக்கு, அதோட மூக்குலயும் கூர் கிடையாது, ஒரு தட்டைத் தகடுதான், அதே தத்துவம்.

தட்டை எவ்வளவு அகலம்னு கேட்பீங்க. குண்டோட விட்டத்துல 65ல இருந்து 70 சதவீதம்னு கைதேர்ந்தவங்க சொல்றாங்க, அதாவது .458 குண்டுன்னா விட்டம் 11.6 மில்லிமீட்டர், தட்டை ஏழரையில இருந்து எட்டு மில்லிமீட்டர் கிட்ட. சும்மா மூக்கு நுனியைக் கொஞ்சம் தேய்ச்சு விட்டுட்டு ஃப்ளாட்னு பெட்டியில அச்சடிச்சா ஆகாது, ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க. இன்னொரு லாபமும் உண்டு, அந்த விசிறி அடிக்கற வேலையால காயத்தோட பாதையும் உருண்டை மூக்கை விட அகலமா இருக்கும். உருண்டை மூக்கு சில நேரம் போன வழியே தெரியாம மூடிக்கும்.

அதுக்காக பழைய ஆளுங்க முட்டாள்னு சொல்ல வரல. அவங்க கையில இருந்ததுல சரியானதைத் தேர்ந்தெடுத்தாங்க, அதைப் பத்தி கீழ ஒரு கேள்விக்கு வர்றேன்.

கே: வேகம் ஏத்தினா இன்னும் ஆழமா போகும்ல? நான் சொந்தமா லோட் பண்றவன், என் .458 வின்செஸ்டர் மேக்னத்துல 500 கிரெயின் பித்தளை சாலிட் போட்டு மருந்தை முட்ட முட்ட அடைக்கலாம்னு இருக்கேன்.

ப: தயவுசெஞ்சு வேண்டாம், முதல்ல அதை நிறுத்துங்க, அப்புறம் பேசலாம்.

.458 வின்செஸ்டர் 1956ல வந்துச்சு. சாதாரண நீள ஆக்‌ஷன் ரைஃபிள்ல பழைய இங்கிலீஷ் டபுள் ரைஃபிளோட (ரெண்டு பேரலைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டினது) பலத்தைக் கொண்டு வரணும்னு ரெண்டரை இஞ்ச் கூட்டுக்குள்ள (குண்டையும் மருந்தையும் பிடிச்சு வெச்சிருக்கற தோட்டாவோட பித்தளைக் குழாய்) எல்லாத்தையும் திணிச்சாங்க. 500 கிரெயின் குண்டு, வினாடிக்கு 2,100 அடிக்கு மேலன்னு கணக்கு. ஆனா கூட்டுக்குள்ள இடம் கம்மி, மருந்து அமுக்கி வெச்ச நிலையில நாளாக ஆக கட்டி தட்டி, சில தோட்டாவுல மருந்து சரியா எரியாம குண்டு மந்தமா போனதா புகார் மேல புகார். ஜாக் லாட்ன்ற ஆள் மொசாம்பிக்ல எருமை கிட்ட அடிபட்டு பிழைச்சு வந்தார், இந்த தோட்டா போதாதுன்னு முடிவு பண்ணி கூட்டை 2.8 இஞ்சுக்கு நீட்டி 1971ல .458 லாட்டை உருவாக்கினார். அதுல 500 கிரெயின் 2,300 அடி வரைக்கும் போகுது, அமுக்காமலேயே.

இப்ப உங்க பித்தளைக்கு வர்றேன். ஈயத்தோட அடர்த்தி 11.3, பித்தளை எட்டரை. அதே 500 கிரெயின் எடைக்கு பித்தளைக் குண்டு நீளமாத்தான் இருந்தாகணும். நீளம் கூடினா ஏற்கனவே இடமில்லாத கூட்டுக்குள்ள இன்னும் உள்ள இறங்கும், மருந்துக்கு இருக்கற இடத்தையும் திங்கும். நீங்க முட்ட அடைச்சா அழுத்தம் எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. .458 வின்செஸ்டருக்கு பித்தளை, செம்பு போடறதா இருந்தா 450 கிரெயின் எடுங்க, அந்த குண்டுக்குன்னு போட்டிருக்கற லோடிங் புக்கை மட்டும் பார்த்து லோட் பண்ணுங்க. 50 கிரெயின் குறையுதேன்னு கவலை வேண்டாம், ஈய குண்டு மாதிரி இது உருக்குலையாது, தட்டை மூக்கா இருந்தா அதை விட ஆழமா நேரா போகும்.

வேகம் ஒரு அளவு வரைக்கும்தான். வினாடிக்கு 2,100ல இருந்து 2,400 அடிக்குள்ள பெரிய சாலிட் எல்லாம் சமத்தா வேலை பார்க்கும். அதுக்கு மேல ஸ்டீல் உறை குண்டுகள் பெரிய எலும்புல பட்டா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு, அடிப்பக்கத்துல இருந்து ஈயம் பிதுங்கி வந்ததை நானே கையில வெச்சுப் பார்த்திருக்கேன். வளைஞ்ச குண்டு நேரா போகாது.

கே: எருமைக்கு ஏன் முதல் குண்டு சாஃப்ட்? எல்லாமே சாலிட் போட்டுட்டா வேலை சுலபம்ல?

ப: எருமை பெரும்பாலும் தனியா நிக்காது, அதான். நாப்பது ஐம்பது ஒண்ணா நிக்கும், நீங்க பார்க்கற காளைக்குப் பின்னாடி புல்லுக்குள்ள ரெண்டு பசு இருக்கும், உங்க கண்ணுக்குத் தெரியாது. சாலிட் காளையோட விலாவுல நுழைஞ்சு மறுபக்கம் வெளிய வந்து பின்னாடி நிக்கறதையும் குத்தும். அப்புறம் காயம் பட்ட ரெண்டாவது மிருகத்தைத் தேடி அடர்ந்த புதருக்குள்ள போகணும், அதை விட மோசமான வேலை இந்த உலகத்துல இல்ல. நல்ல பாண்டட் சாஃப்ட் (ஈயத்தை உறையோட ஒட்ட வெச்சது), ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் மாதிரி, இல்ல விரியற செம்புக் குண்டு, அகலமா நுரையீரலைக் கிழிச்சுட்டு பெரும்பாலும் மறுபக்கத் தோலுக்கு உள்பக்கமே நின்னுடும்.

முதல் குண்டு பட்டதும் எருமை திரும்பி ஓடும், உங்களுக்குத் தெரியறது பின்பக்கம் மட்டும்தான். அந்தக் கோணத்துல நெஞ்சு வரைக்கும் போகணும்னா வயிறு நிறைய இருக்கற ஈரப்புல்லை எல்லாம் தாண்டணும். அப்படி ஓடலன்னா நேரா உங்க மேல வரும், தலையைத் தூக்கிட்டு. ரெண்டுக்கும் சாலிட்தான். அதனால சேம்பர்ல, அதாவது முதல்ல சுடற தோட்டா உட்கார்ற அறையில, சாஃப்ட், மேகசின்ல கீழ இருந்து மேல வரைக்கும் சாலிட். ரெண்டும் ஒரே இடத்துல அடிக்குதான்னு 50 மீட்டர்ல கட்டாயம் சுட்டுப் பார்க்கணும். இதுக்காகவே ஹார்னடி டிஜிஎக்ஸ், டிஜிஎஸ்னு ஒரே வடிவத்துல ஜோடியா பண்றான், அந்த யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு.

யானை, நீர்யானைன்னா யோசனையே வேண்டாம், முதல்ல இருந்து கடைசி வரைக்கும் சாலிட்.

கே: சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் சாலிட் போடலாமா?

ப: கூடாது. மெல்லிசான உடம்பு, ஊசி மாதிரி நுழைஞ்சு வெளிய போயிடும், மிருகத்துக்கு அடிபட்ட கோபம் மட்டும் மிஞ்சும். சாஃப்ட்.

கே: ஐயா, பழைய இங்கிலீஷ் டபுள் ரைஃபிள் ஒண்ணு, .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ், கைக்கு வந்திருக்கு. நீங்க மேல புகழற அந்தப் பித்தளை சாலிட்டை இதுல போடலாமா?

ப: நல்ல வேளை போடறதுக்கு முன்னாடி கேட்டீங்க. .470 எப்படி வந்துச்சுன்னு ஒரு சின்ன கதை, கேட்டுக்கோங்க. 1907 வாக்குல பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தியாவுலயும் சூடான்லயும் .450 தோட்டாவைத் தடை பண்ணிடுச்சு, கலகக்காரங்க அதுல இருந்து குண்டை உருவி பழைய மார்ட்டினி ஹென்றி ரைஃபிளுக்குப் பயன்படுத்திடுவாங்களோன்னு பயம். உடனே துப்பாக்கிக் கம்பெனிங்க எல்லாம் தடைக்குக் கொஞ்சம் மேல .465, .470, .475ன்னு ஓடினாங்க. அந்த ஓட்டத்துல ஜெயிச்சது .470. 500 கிரெயின், வினாடிக்கு 2,150 அடி.

அந்தக் காலத்து டபுளோட பேரல் மெல்லிசு, தூக்கிட்டு நாள் முழுக்க நடக்கணும்னு அப்படிச் செஞ்சாங்க, ரெண்டையும் ஈயப்பற்று வெச்சு ஒட்டி வெச்சிருப்பாங்க. ஈயம் உள்ள இருக்கற குண்டு, பேரலுக்குள்ள சுருளா வெட்டியிருக்கற ரைஃபிளிங் பள்ளத்துக்குள்ள போகும்போது கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும். முழுப் பித்தளை நசுங்காது. கொடுக்க வேண்டியது பேரல்தான். ஒரு தடவை ஒருத்தர் எங்க பட்டறைக்கு ஒரு டபுளைக் கொண்டு வந்தார், பார்க்க பளபளன்னு புதுசு மாதிரி. பெரியவர், எங்க மேஸ்திரி, அதை ஜன்னல் கிட்ட கொண்டு போய் வெளிச்சம் சாய்வா விழற மாதிரி திருப்பினார், என்னைக் கூப்பிட்டு விரலால தடவிப் பாருன்னார். பேரலோட வெளிப்பக்கத்துல, உள்ள இருக்கற ரைஃபிளிங் அப்படியே சுருள் சுருளா மேல எழும்பியிருக்கு, மெல்லிசா, நகத்துக்குத் தட்டுப்படற அளவு. நீல நிறப் பூச்சு கூட அந்த கோட்டுல கொஞ்சம் வேற மாதிரி. பெரியவர் ஒண்ணுமே சொல்லல, ரைஃபிளைத் துணியில சுத்தி திருப்பிக் கொடுத்துட்டார். பள்ளமே இல்லாத வழவழப்பான முழுப் பித்தளைக் குண்டு போட்டு சுட்டதா உரிமையாளர் அப்புறம் சொன்னார்.

பள்ளம் வெட்டின, வளையம் வளையமா இருக்கற புது பித்தளை சாலிட்கள் அந்த அளவுக்கு மோசமில்ல, அந்த வளையம் மட்டும்தான் ரைஃபிளிங்கைத் தொடும், உலோகம் ஒதுங்க இடம் இருக்கும். புது டபுள் வெச்சிருக்கறவங்க செஞ்ச கம்பெனியைக் கேட்டுட்டு போட்டுக்கலாம். ஆனா நூறு வருஷத்துப் பேரலுக்கு நான் அதையும் சொல்ல மாட்டேன். ஸ்டீல் உறை, ஈயம் உள்ள இருக்கற சாலிட் போடுங்க, வுட்லீ மாதிரி, அவன் பழைய டபுளை மனசுல வெச்சுதான் செய்யறான்.

அதுக்கும் முன்னாடி பேரலை அளக்கணும். ஒரு மிருதுவான ஈய உருண்டையை எண்ணெய் தடவி, மரக்கோலால மெதுவா ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் தள்ளி, வெளிய வந்ததை மைக்ரோமீட்டர்ல அளங்க. ரெண்டு பேரலையும் தனித்தனியா. பழைய ரைஃபிள்ல ஒரே பேர் போட்ட தோட்டாவுக்கே பேரல் அளவு முன்ன பின்ன இருக்கும், பேரலை விட பெரிய குண்டைப் போட்டுடக் கூடாது. தள்ளும்போது எந்த இடத்துல இறுக்கம், எந்த இடத்துல லூஸுன்னு கையே சொல்லும். கூடவே எடையையும் மாத்தாதீங்க. அந்த ரெண்டு பேரலும் 50, 80 கஜத்துல ஒரே இடத்துல அடிக்கற மாதிரி ஒரு எடைக்கு, ஒரு வேகத்துக்கு ரெகுலேட் பண்ணி ஒட்டினது. 450 கிரெயின் போட்டீங்கன்னா இடது குண்டும் வலது குண்டும் ஆளுக்கொரு திசை பார்க்கும்.

கே: தட்டை மூக்கு சாலிட் வாங்கிட்டேன், ரெண்டாவது தோட்டா மேகசின்ல இருந்து ஏறவே மாட்டேங்குது, சேம்பர் விளிம்புல முட்டிக்கிட்டு நிக்குது. திருப்பிக் கொடுத்துடவா?

ப: திருப்பிக் கொடுக்கறதுக்கு முன்னாடி ரைஃபிளை ஒரு நல்ல கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி மெக்கானிக் கிட்ட காட்டுங்க. பழைய மாசர் ஆக்‌ஷன் எல்லாம் உருண்டை மூக்குக்குன்னு செஞ்சது, தோட்டா சேம்பருக்கு ஏறற ஏத்தம் வழவழப்பா இருக்கணும், மேகசின் உதடும் சரியா இருக்கணும், பாலிஷ் போட்டாலே பாதி சரியாகும். ஒரு மாடல் ஏறலன்னா தட்டை கொஞ்சம் சின்னதா, ஓரம் உருட்டின வேற மாடல் ஏறும். வுட்லீ ஹைட்ரோன்னு மூக்குல கிண்ணம் மாதிரி குழிச்ச சாலிட் ஒண்ணு இருக்கு, அதுக்கு ஏறும்போது முட்டாம இருக்க பிளாஸ்டிக் தொப்பி வெச்சிருப்பான்.

இந்த விஷயத்துல நான் பட்டது ஒண்ணு. ரேஞ்சுல ஒருத்தரோட .416 ரிக்பியை சரி பார்த்துக் கொடுத்தேன், மெதுவா போல்ட்டைத் தள்ளித் தள்ளி எல்லா தோட்டாவும் ஏறுச்சு, கையெழுத்துப் போட்டு கொடுத்துட்டேன். அவர் அங்கயே நின்னு வேகமா ரெண்டு சுட்டார், மூணாவது மூக்கு மேல நோக்கி நட்டுக்கிட்டு நின்னுடுச்சு. மெதுவா ஏத்தும்போது வர்ற கோணம் வேற, பயத்துல வேகமா இழுத்துத் தள்ளும்போது வர்ற கோணம் வேற. அன்னைக்கு எதிர்ல இருந்தது அட்டை டார்கெட், நல்லவேளை. அதுல இருந்து என் பழக்கம் இதுதான்: மேகசின் நிரப்பி, தோள்ல வெச்சு, நிஜமாவே சுட்டு, முழு வேகத்துல காலி பண்ணணும், வேட்டைக்குக் கொண்டு போற அதே தோட்டாவால, குறைஞ்சது இருபது தடவை சிக்காம. சிக்கினா முதல்ல இருந்து எண்ணணும்.

இன்னொண்ணும் கவனிங்க, மேகசின்ல கடைசியா கிடக்கற தோட்டாவை ரெண்டு மூணு தடவை சுட்டப்புறம் வெளிய எடுத்து நீளம் அளங்க. பெரிய ரைஃபிளோட உதைப்புல குண்டு கூட்டுக்குள்ள இறங்கிடும். கிரிம்ப், அதாவது கூட்டோட வாய் குண்டை அழுத்திப் பிடிக்கற பிடி, சரியா இல்லன்னு அர்த்தம்.

கே: .375 யானைக்குப் போதுமா? பெல்ன்னு ஒருத்தர் 7 மில்லிமீட்டர்லயே ஆயிரம் யானை சுட்டாராமே?

ப: சுட்டார். கரமோஜோ பெல்லுன்னு பேர், 1880ல பொறந்த ஸ்காட்லாந்துக்காரர், ஆயிரத்துக்கும் மேல, அதுல பெரும்பகுதி 7x57 மாசர்ல, ரிக்பி கம்பெனி அதையே .275னு பேர் மாத்தி வித்தான். ஆனா கதையோட மறுபாதியை யாரும் சொல்றதில்ல. அந்த ஆள் செத்த யானையோட தலையை ரம்பத்தால நீளவாக்குல ரெண்டா அறுத்து மூளை எங்க இருக்குன்னு உட்கார்ந்து படிச்சவர். அவர் போட்டது 173 கிரெயின், உருண்டை மூக்கு, ஸ்டீல் உறை, ஒல்லியா நீளமான சாலிட். பவுண்ட் கணக்குல எடையை, இஞ்ச் கணக்குல விட்டத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்ற செக்‌ஷனல் டென்சிட்டி 0.306. இப்ப .375ல 300 கிரெயினுக்குக் கணக்குப் போடுங்க, 0.305. ஒரே நம்பர். அதாவது பெல்லோட குட்டி குண்டுக்கு ஆழமா போற தகுதி .375க்கு சமம், இல்லாதது அகலமும் அடியோட பலமும்தான். மூளை தவறினா யானை நிக்காது. பெல்லுக்குத் தவறல, நமக்குத் தவறும்.

அதனால .375 போதும், நல்ல தட்டை மூக்கு சாலிட்டோட, நிதானமா சுடத் தெரிஞ்சா. 1912ல வந்த தோட்டா, இன்னைக்கும் ஆப்பிரிக்காவுல பல நாட்டுல ஆபத்தான மிருகத்துக்கு சட்டப்படி குறைஞ்சபட்ச எல்லை இதுதான். நமீபியாவுல யானை, எருமைக்கு 5,400 ஜூல் சக்தி வேணும்னு சட்டம். .375ல 300 கிரெயின் 2,530 அடியில 5,780 ஜூல் கிட்ட வரும், ஆனா குட்டைப் பேரல்ல வேகம் 2,450க்கு இறங்குச்சுன்னா மயிரிழையிலதான் தப்பிக்கும், கிளம்பறதுக்கு முன்னாடி குண்டு வேகம் அளக்கற குரோனோகிராஃப்ல ஓட்டிப் பாருங்க. தோள் தாங்கும்னா .416, அதுல 400 கிரெயினுக்கு 0.330. தோள் தாங்காம கண்ணை மூடிக்கிட்டு .458 சுடறவரை விட கண்ணைத் திறந்து .375 சுடறவர் கூடத்தான் நான் நடப்பேன்.

கே: இவ்வளவு பெரிய ஜீவனைக் கொல்றதுக்கு எந்த உலோகம் நல்லதுன்னு பக்கம் பக்கமா எழுதறீங்களே, உங்களுக்கு உறுத்தலா இல்லையா?

ப: இருக்கும்மா. இல்லன்னு சொன்னா பொய். கென்யா 1977ல வேட்டையையே மூடிடுச்சு, போட்ஸ்வானா 2014ல மூடி 2019ல திறந்துச்சு, ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு, அதை இந்தப் பக்கத்துல தீர்க்க எனக்கு யோக்யதை கிடையாது. சட்டம் அனுமதிக்காத இடத்துல ஒரு வார்த்தை பேச மாட்டேன். அனுமதிக்கற இடத்துல, லைசென்ஸோட ஒருத்தர் போகத்தான் போறார்னா, அவர் கையில தப்பான குண்டு இருந்தா என்ன ஆகும்னு ஒரு தடவை நான் பார்த்திருக்கேன். தோள் எலும்புல குண்டு திரும்பிப் போய், எருமை ரெண்டு பகலும் ஒரு ராத்திரியும் புதருக்குள்ள இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து முன்னாடி நடந்த டிராக்கர், அந்த ரெண்டு நாளும் குண்டு போட்டவர் கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் உலோகத்தைப் பத்தி எழுதறது அதுக்காகத்தான்.

கே: சாலிட் சுட்டப்புறம் உருக்குலையாம புதுசு மாதிரியே கிடைக்குதாமே, எடுத்து மறுபடி லோட் பண்ணலாமா?

ப: ஆசை, ம்ம்? பண்ணக் கூடாது. பார்க்கத்தான் புதுசு, ரைஃபிளிங் தடம் வரிவரியா உடம்புல பதிஞ்சிருக்கும், மறுபடி அந்தத் தடம் பேரலோட பொருந்தி உட்காராது, கூட்டுக்குள்ள பிடிப்பும் சரியா இருக்காது. ஆனா தூக்கியும் போடாதீங்க. ஒரு உருளையைத் தரையில உருட்டற மாதிரி கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, தள்ளாடாம உருண்டா குண்டு வளையல, அந்தத் தொகுதிக் குண்டை நம்பி வாங்கலாம். மூக்குல எலும்பு உரசின வெள்ளைக் கீறல் நேரா பின்னாடி ஓடியிருந்தா நேராத்தான் போயிருக்கு, சாய்வா ஒரு பக்கம் மட்டும் இருந்தா உள்ள எங்கயோ திரும்பியிருக்கு. என் மேஜை மேல ஒண்ணு கிடக்கு, .470, ஸ்டீல் உறை, கீறல் எல்லாம் இடது பக்கம் மட்டும். உங்க கடிதமெல்லாம் ஃபேன் காத்துல பறக்காம அதுதான் பிடிச்சு வெச்சிருக்கு.